காய்ந்தவர்களை எழுப்பும் தண்ணீர்

மழை தப்பிய நான்காவது வருஷம், ஆடி பிறந்து ஒன்பதாம் நாள், மில் காலனி பதினேழாம் நம்பர் வீட்டில் தளவாயின் மனைவி சுந்தரவடிவு காய்ந்து போனாள். செத்துப்போனாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சாவு எப்படி இருக்கும் என்று அந்தக் காலனிக்கு நன்றாகத் தெரியும், மில் மூடிய பிறகு வருஷத்துக்கு ஏழெட்டுப் பாடை தூக்கிய தோள்கள் அவை, இது அது இல்லை என்று பார்த்தவுடனே விளங்கிவிட்டது. திங்கட்கிழமை முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு படுத்தாள், செவ்வாய்க்கிழமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள், புதன்கிழமை கையும் காலும் எங்கே போயின என்று தெரியவில்லை, வியாழக்கிழமை வெயில் ஏறும்போது பாயின் நடுவில் உரித்த தேங்காய் அளவில், சுண்டவத்தல் நிறத்தில், தூக்கினால் காய்ந்த சுரைக்குடுக்கையின் கனத்தில், ஆனால் காதோடு வைத்துக் கேட்டால் உள்ளே வெகுதூரத்தில் ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போன்ற ஓர் அமைதியோடு கிடந்தாள்.

பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி அவளைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள்.

“ஈரமே இல்ல அண்ணாச்சி. நல்லாக் காய்ஞ்சிருக்கு. கெட்டுப்போகாது,” என்றாள், மோர்மிளகாயைச் சொல்வதுபோல.

தளவாய் மனைவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இதற்குக் காரணம் தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

தளவாய் மில் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளாக இருந்தவர். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவரில்லை, ஆனால் இருபத்தாறு வருஷம் புட்டிகளைக் கழுவிக் கழுவி, சார்வாள் பிள்ளைகளுக்குச் சொன்னதையெல்லாம் சுவரோரம் நின்று கேட்டுக் கேட்டு, சார்வாளுக்குத் தெரியாததும் சிலது தெரிந்துவைத்திருந்தவர். மில்லோடு பள்ளிக்கூடத்தையும் பூட்டியபோது ஆளுக்கொரு பெஞ்சைத் தூக்கிப்போனார்கள்; இவர் பித்தளை நுண்ணோக்கியை வேட்டியில் சுற்றி எடுத்துவந்தார். அதன்பிறகு அவருக்கு இருந்த ஒரே சோலி, மேனேஜர் பங்களாத் தோட்டத்துக் குளம்தான். ஆள் போய்விட்ட பங்களா, தோட்டம் கருகிவிட்டது, நடுவில் அல்லி வளர்க்கவென்று சிமெண்டில் கட்டிய முப்பதடிக் குளம் மட்டும், அடியில் ஏதோ பழைய கிணற்றின் கசிவு இருந்ததால், முழங்கால் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீரோடு கிடந்தது. வாடை அடிக்கும். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும். தளவாய் தினம் காலையில் மைஊற்றும் பில்லரோடு போய் ஒரு சொட்டு உறிஞ்சிவந்து, ஜன்னலோரம் நுண்ணோக்கியை வைத்துக் குனிவார். ஒரு சொட்டுக்குள் செருப்பு மாதிரி ஒன்று மயிர்க்காலால் துடுப்புப் போட்டுப் போகும், தண்ணீர்ப்பேன் ஒன்று கண்ணாடி உடம்புக்குள் தன் நெஞ்சு அடிப்பதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு துள்ளும், இவற்றுக்கு நடுவில் தலையில் இரண்டு சக்கரம் சுழல, இரண்டு சிவப்புப் பொட்டோடு ஒரு சின்னஞ்சிறு உயிர் பாசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சக்கரக்காரன் மேல்தான் அவருக்குப் பிரியம்.

வடிவு காய்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் லாரி பதினோராவது நாளாக வராமல் போய், காலிக் குடங்களோடு திரும்பி வந்து உட்கார்ந்தவளை அவர் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

“ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு.”

“ஒண்ணை மூடுனா ரெண்டும் மூடிக்கிடுதுங்க.” பிறகு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். “ஆத்தீ, ரெண்டு காத்தாடி ஓடுது! நம்ம வீட்டுக் காத்தாடி நின்னு ஒரு வருஷமாச்சு, இதுக்கு மட்டும் எவன் கரண்டு குடுத்தான்?”

அவர் சிரித்தார். சந்தோஷத்தில் வாய் நிற்காமல் அடுத்ததையும் காட்டினார். எட்டு மாதத்துக்கு முன்னால் கண்ணாடிச் சில்லில் காயவிட்ட சொட்டு, இப்போது வெறும் தூசி. அதன்மேல் குளத்துத் தண்ணீர் ஒரு துளி விட்டுவிட்டு அவளைக் காத்திருக்கச் சொன்னார். அரைமணி நேரத்தில் தூசி உப்பியது, நீண்டது, தலையை வெளியே நீட்டியது, காத்தாடி சுற்ற ஆரம்பித்தது.

“சாகலையா இது?”

“சாகல. தண்ணி இல்லேன்னா உள்ள இழுத்துக்கிட்டுக் காத்துக்கிடக்கும். வருஷக்கணக்குல கிடக்கும்.”

“பசிக்காதா?”

“பசிக்காது.”

“லாரி வரலையேன்னு கவலை?”

“வடிவு, அது பூச்சி.”

“அதான கேக்கேன்,” என்றாள் அவள், மறுபடி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்து. மறுநாள் படுக்கும்போது ஒன்று மட்டும் சொன்னாள். “மழை பெஞ்ச பிறகு எழுப்புங்க. அதுக்கு முந்தி எழுப்புனீங்க, உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன், ஆமா.”

வடிவுக்கு அடுத்து ஒன்றாம் நம்பர் வீட்டு ஜாபர் ஆவுடையப்பன் காய்ந்தார், மில்லில் மேஸ்திரியாக நூறு பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷர். அடுத்து தையல்காரர் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பாயில் காய்ந்தார்கள். புரட்டாசியில் செல்லக்கிளியின் ஒரே மகள் சண்முகப்பிரியா, நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து இரண்டு வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மாவிடம் ஒரு சொல் சொல்லாமல் சுருண்டுகொண்டாள். எப்படிச் சுருள்வது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. எதிர்பார்க்க ஒன்றும் இல்லாத உடம்புக்கு அது தானாகத் தெரிந்தது. தை பிறப்பதற்குள் அறுபத்து நான்கு பேர்.

காலனி அதற்கேற்ற மாதிரி தன்னைத் திருத்திக்கொண்டது. வத்தல் போட்டுப் பழகிய பெண்கள், எதையும் காயவைத்துக் காப்பாற்றத் தெரிந்தவர்கள், காய்ந்தவர்களை வெள்ளைத் துணியில் முடிந்து, வசம்பும் வேப்பிலைச் சருகும் வைத்து, பிஸ்கட் டின்னிலும் தூக்குவாளியிலும் அடைத்துப் பேரெழுதி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மொட்டைமாடியில் பாய் விரித்து வெயில் காட்டினார்கள், உச்சிப்பொழுதில் புரட்டிப் போட்டார்கள், ஆளுக்கொரு கம்போடு காக்காய் விரட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசினார்கள். காளி கோயில் பூசாரி மூன்று நாள் யோசித்து, தீட்டு இல்லை, தாலி கழற்ற வேண்டாம், பூ வைக்கலாம், காதுகுத்தும் வைக்கலாம், ஆனால் காய்ந்தவர் இருக்கும் வீட்டில் வத்தல் மட்டும் போடக்கூடாது என்று சொன்னார். அதை எல்லோரும் நியாயம் என்றார்கள். ரேஷன் கடையில் ரேகை விழவேண்டும் என்றபோது ஜாபரின் மருமகள் மாமனாரை டின்னோடு கொண்டுபோய் மெஷினில் அழுத்திப் பார்த்தாள். கடைக்காரர் மூன்று தடவை பார்த்துவிட்டுப் பழக்கதோஷத்தில், “ரொம்பக் காய்ஞ்சிருக்கும்மா, லேசா ஈரம் பண்ணிட்டு வைங்க,” என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும், “ஐயோ வேண்டாம்!” என்று கத்தினார்கள்.

ஈரம் பட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வெள்ளாடுதான் காட்டிக்கொடுத்தது. அதே மருமகள் ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து வரும் வழியில் பங்களாத் தோட்டத்தில் புல் தேடப்போனவள், மாமனார் டின்னைக் குளத்துச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்ப, ஆடு முட்டித் தள்ளிவிட்டது. அவள் மாரில் அடித்துக்கொண்டு நிற்கையிலேயே ஆவுடையப்பன் பாசிக்குள் உப்பி, நீண்டு, அல்லி இலையால் இடுப்பை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“துண்டை எறி மூதி,” என்பதுதான் முதல் பேச்சு. காலனி முழுக்கத் திரண்டு வந்து பார்த்தது. அவர் துண்டைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார், மில் புகைக்கூண்டைப் பார்த்தார். “மழை பெஞ்சிச்சா?”

“இல்ல மாமா.”

“மில்லு?”

“இல்ல மாமா.”

“பின்ன என்ன மயித்துக்கு எழுப்புனிய?” ஒரு டீ மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார், நான்காம் நாள் மறுபடி டின்னுக்குள் இருந்தார்.

அன்று அவர் மார்மயிரிலிருந்து சொட்டிய தண்ணீரைத் தளவாய் கண்ணாடியில் பிடித்துப்போய்ப் பார்த்தார். காத்தாடிப் பூச்சிகள். ஒன்றல்ல, நூறல்ல, ஒவ்வொரு மயிரையும் பற்றிக்கொண்டு கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, ஒரு பெரிய உடம்பைத் திரும்ப ஓடவிட்ட களைப்பு அவற்றிடம் தெரிந்தது. எப்போதாவது சொட்டும் குழாய்த் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும், சீப்பில் சிக்கிக் கிடந்த வடிவின் தலைமுடியில் ஒவ்வொன்றாக விட்டுச் சோதித்தார். முடி நனைந்து நாறியது. குளத்துத் தண்ணீரில் மட்டும் முடி கறுத்து, வாசனையெண்ணெய் மணத்தோடு ஒரு விரற்கடை வளர்ந்தது. மறுநாள் கோயில் முன்னால் அவர் எல்லோரிடமும் சொன்னார்.

“எழுப்புறது தண்ணி இல்ல கேட்டுக்கிடுங்க. தண்ணி பூரா பூச்சி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, லட்சக்கணக்குல.”

“பூச்சி ஆளை எழுப்புமா வே? கடிச்சா வேணா எந்திரிப்பான்,” என்றார் பூசாரி. எல்லோரும் சிரித்தார்கள். தளவாயும் சிரித்துவிட்டு வந்துவிட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். இரண்டாம் தரம் அவர் அதைச் சொல்லவில்லை.

ஐந்தாவது வருஷம் ஐப்பசி பத்தாம் தேதி கிழக்கே கறுத்தது. ரேடியோவும் சொன்னது, எறும்பும் சொன்னது. எழுந்திருப்பவர்கள் உடுத்த ஒன்றும் இல்லாமல் எழுந்திருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியைத் திறந்து துணியை உதறினார்கள். வடிவின் சேலைகளையெல்லாம் கரையான் தின்றிருந்தது. தளவாய் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார். கத்தரிப்பூ நிறமா, மாந்தளிரா என்று கடையில் அரைநாள் நின்றார். அவளுக்கு எது பிடிக்கும் என்பது முப்பது வருஷத்தில் தனக்குத் தெரியாமலே போயிருக்கிறது என்று அங்கே நிற்கையில் தெரிந்தது. கடைசியில் கத்தரிப்பூ. வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது, ஓடை உடைந்து பஸ் நின்றது, மறுநாள் மத்தியானம்தான் காலனிக்கு வந்துசேர்ந்தார்.

தூரத்திலேயே வாடை வந்தது. பிளீச்சிங் பவுடர்.

குளம் வெள்ளைவெளேரென்று இருந்தது. அவர் போன அரைநாளில், மழை இறங்குவதற்குள், காலனியே கூடிப் பழைய தண்ணீரை வாளி வாளியாக இறைத்துக் கொட்டியிருந்தார்கள். அல்லியைக் கிழங்கோடு பிடுங்கி, பாசியைத் தேங்காய் நாரால் சுரண்டி, மூலைமுடுக்கெல்லாம் பவுடர் தூவித் தேய்த்து, சுண்ணாம்பும் அடித்து, சுற்றிலும் மாவிலை கட்டியிருந்தார்கள். ராத்திரிப் பெய்த மழை அதில் கண்ணாடி மாதிரி நின்றது. அடியில் கிடந்த ஒரு காசுகூடத் தெரிந்தது. செல்லக்கிளி கையெல்லாம் பவுடர் அரித்துச் சிவந்து, முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தாள்.

“எப்படி இருக்கு அண்ணாச்சி? நீங்கதான சொன்னிய, தண்ணி பூரா பூச்சின்னு. நம்ம பிள்ளைக கண்ணு முழிக்கப்ப பூச்சித் தண்ணியிலயா முழிக்கணும்? ஒண்ணு விடாம கொன்னுட்டோம்.”

அவர் மடியிலிருந்த பில்லரில் குளத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, ஏழு சொட்டு. துடுப்பில்லை, துள்ளல் இல்லை, காத்தாடி இல்லை. வட்டமான வெறும் வெளிச்சம். ஜன்னலோரம் காயவிட்டிருந்த சில்லுகளையும் ராத்திரிச் சாரல் கழுவியிருந்தது. பழைய தண்ணீரைக் கொட்டிய இடத்து மண்ணைத் தேடிப்போனார். அதன்மேலும் பவுடரைக் கொட்டி, அதையும் மழை ஓடைக்கு அடித்துக்கொண்டு போயிருந்தது. திரும்பி வந்தபோது நல்ல நேரம் நெருங்கி, அறுபத்து மூன்று டின்களும் கரையில் வரிசையாக இருந்தன.

“போடாதிய!” என்று கத்தினார். “தண்ணி செத்துப்போச்சு, போடாதிய!”

“தண்ணி எப்படி வே சாகும்?” என்றார் பூசாரி. நான்கு வருஷம் மழைக்குக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு மேளச்சத்தத்தில் அது காதில் விழவும் இல்லை. வடிவின் டின்னை மட்டும் அவர் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அறுபத்து மூன்று பேரும் உப்பினார்கள். கையும் காலும் வந்தன, கன்னம் நிரம்பியது, முடி மிதந்தது, கடைசி பஸ்ஸில் நிற்பவர்கள்போல் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு குளம் கொள்ளாமல், முன்னைவிட அழகாக, சண்முகப்பிரியா காதில் அம்மா மாட்டிவிட்ட தோடு மினுங்க, மிதந்தார்கள். ஒருவரும் மூச்சுவிடவில்லை. மூன்று நாள் பார்த்தார்கள். பிறகு, அழாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தூக்கி மாடியில் பாய்விரித்து மறுபடி காயப்போட்டார்கள்.

“சுத்தம் போதல,” என்றது காலனி. “இன்னொரு தரம் தேய்ப்போம்.”

அப்படித்தான் வெள்ளிக்கிழமை குளம் கழுவுவது வழக்கமானது. வெள்ளி தோறும் இறைத்து, தேய்த்து, பவுடர் போட்டு, நிரப்பி, இறக்கி, தூக்கி, காயப்போட்டார்கள். மழை பெய்துகொண்டிருந்தது, கரிசல் முழுக்கப் பச்சை பிடித்தது, அந்தப் பச்சையைப் பார்க்க ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒவ்வொரு வாரமும் காய்ந்தவர்கள் கொஞ்சம் சிறுத்து, கொஞ்சம் கறுத்து, கனமானார்கள். ஏழாவது வெள்ளி பூசாரிக்கு ஒன்று தோன்றியது. முதலில் காய்ந்தவள் வடிவு. முதலில் போனவள் எழாமல் பின்னால் போனவர்கள் எப்படி எழுவார்கள்? அன்று சாயங்காலம் காலனி தளவாய் வாசலில் வந்து நின்றது.

“உங்க ஒருத்தராலதான் அத்தனை பேரும் கிடக்காங்க அண்ணாச்சி,” என்றாள் ஜாபரின் மருமகள். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. “அடுத்த வெள்ளி மதினியைக் குடுத்திருங்க. இல்லேன்னா நாங்களே எடுத்துக்கிடுவோம்.”

உண்மையைச் சொன்னால் போதும். சொன்னால், தம் பிள்ளைகளைத் தாங்களே தேய்த்துக் கழுவிக் கொன்றோம் என்று அத்தனை வீடும் அறிந்துகொள்ளும். அவர் ஆறு நாள் வாயைத் திறக்காமல் அந்த டின்னுக்குக் காவல் இருந்தார். வியாழக்கிழமை பகலில் செல்லக்கிளி வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். கையில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

“செல்லக்கிளி,” என்றார் தளவாய், “உன்கிட்ட மட்டுமாவது ஒண்ணு சொல்லணும். அந்தப் பிரியா…”

“வேண்டாம் அண்ணாச்சி. முத நாளே தெரியும்.”

அவர் அவளைப் பார்த்தார்.

“தண்ணியில இருந்து தூக்குனப்பவே தெரிஞ்சுபோச்சு. பெத்தவளுக்குக் கனம் தெரியாதா?”

“பின்ன எதுக்கு வாராவாரம்…”

“வெள்ளிக்கிழமை வேண்டாமா? சனிக்கிழமை எந்திரிக்கப்பவே அடுத்த வெள்ளியைப் பார்த்துத்தான் எந்திரிக்கோம். அதையும் பிடுங்கிட்டா, ஒரே நாள்ல அறுபத்து மூணு பாடை கட்டணும். மூங்கிலுக்கு எங்க போக? தோளுக்கு எங்க போக?”

“மத்தவங்களுக்கும் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியாதுன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கிட்டிருக்கோம்.” அவள் முந்தானையிலிருந்து புது வசம்புத் துண்டு ஒன்றை எடுத்து டின்னுக்குள் போட்டாள். “உங்களுக்கு இன்னும் ஒண்ணு காய்ஞ்சு கிடக்கு. கொண்டுக்கிட்டு எங்கயாவது போயிருங்க. மூணு மணி பஸ்ஸு இருக்கு.”

தளவாய் போனார். ஒரு பையில் நுண்ணோக்கி, ஒரு பையில் கத்தரிப்பூச் சேலை சுற்றிய டின். கோயில் தெப்பங்களில் பார்த்தார், கல்குவாரிப் பள்ளங்களில் பார்த்தார், ஊருணியில், கண்மாயில், எருமை கிடக்கும் குட்டையில், பள்ளிக்கூடத்துத் தொட்டியில் பார்த்தார். ஒரு சொட்டு உறிஞ்சி, கண்ணாடியில் விட்டு, குனிந்து, கண்டதை டின்னிடம் சொல்வார். இங்க பச்சைச் சுருள் நிறைய இருக்கு வடிவு. இங்க ஒரு சிவப்புப் புழு, உனக்குப் பிடிக்காது. இங்க தண்ணீர்ப்பேனு வயித்துல முட்டையோட இருக்கு. காத்தாடி எங்கும் இல்லை. இருந்த இடத்திலும் ஒற்றைக் காத்தாடி, அல்லது மூன்று, அல்லது நின்று நின்று ஓடுபவை, முடியை நனைத்தால் எழுப்பத் தெரியாதவை. சோதிக்க அவர் கையில் இருந்த முடிகளும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஒரு வருஷம் முடிந்தது. இன்னொன்றும் பாதி போனது.

தென்காசிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில், தனியாக இருக்கும் ஒரு டீச்சர் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், அல்லி போட்ட சிமெண்டுக் குளம் ஒன்று இருந்தது. பச்சை. வாடை. தளவாய் அனுமதி கேட்டு, ஒரு சொட்டு எடுத்து, கல்மேல் நுண்ணோக்கியை வைத்துக் குனிந்தார்.

இரண்டு இரண்டாக, நூறு நூறாக, சொட்டு முழுக்கக் காத்தாடி ஓடியது. அதே வேகம். தலையில் அதே இரண்டு சிவப்புப் பொட்டு. கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் அவர் விரல் பட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு அவை மொத்தமாகத் திரும்பி நகர்ந்து வந்தன.

“என்னய்யா, கிடைச்சுதா?” என்றாள் டீச்சர், துணியைப் பிழிந்துகொண்டே. “வேணும்னா ஒரு குடம் மொண்டுக்கோங்க. கழுவணும் கழுவணும்னு நினைக்கேன், கைகூட மாட்டேங்குது.”

அவர் டின்னைத் திறந்தார். வசம்பு மணத்தது. துணியை அவிழ்த்து வடிவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குளத்தின் மேல் நீட்டினார். சோதிக்க முடி ஒன்று பாக்கியில்லை. கனமே இல்லை, முதல் நாள் இருந்த அதே சுரைக்குடுக்கைக் கனம். அவர் நிழலும் அவள் நிழலும் பச்சைத் தண்ணீரில் விழுந்தன. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். எழுந்திருப்பாள், அல்லது சாயங்காலத்துக்குள் அழகாக உப்பி, கனமாகிவிடுவாள். இத்தனை நாளும் ஒவ்வொரு குளத்திலும் அவள் எழுந்திருக்க இருந்தாள். இதில் எழாவிட்டால் இனி எந்தக் குளத்திலும் எழமாட்டாள்.

டீச்சர் இரண்டு சேலை பிழிந்து கொடியில் போடும்வரை அவர் அப்படியே நின்றார். பிறகு கையை இழுத்துக்கொண்டார். துணியை முடிந்து, டின்னில் வைத்து, மூடியை உள்ளங்கையால் அழுத்தினார்.

“இது இல்லையா?” என்றாள் டீச்சர்.

“இது இல்ல தாயி,” என்றார் தளவாய். “அடுத்த குளம் எங்க இருக்கு?”

அவள் ஈரக்கையை நீட்டி, பஸ் போகும் திசையைக் காட்டினாள்.